வளவில் நகைச்சுவைப் படம், முகப்பில் புதுப் புத்தகம்

எழுதுகிறவர்களுக்கு நாளில் இரண்டு மணி நேரம் சொந்தமாக மிஞ்சினால், காலையில் ஒரு மணி புதுப் புத்தகத்துக்கும் இரவில் ஒரு மணி நகைச்சுவைப் படத்துக்கும் போகட்டும். செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய செட்டிநாட்டு வீடுகளில் இரண்டுக்குமே இடைஞ்சல் உண்டு. படத்தில் வசனம் காதில் விழாது. புத்தகம் ஐப்பசி கார்த்திகை மழையைத் தாண்டாது. இரண்டையும் சரிசெய்யும் வழிகள் இங்கே உள்ளன. புதிதாகக் கட்டிய சின்ன வீட்டில் இருப்பவர்கள் ஒலி பற்றிய பகுதியை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

முதலில் கைதட்டிப் பாருங்கள்

படம் போட நினைக்கும் இடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். சத்தம் அந்த இடத்திலேயே அடங்கினால் நல்லது. 'ஒன்று, இரண்டு' என்று எண்ணி முடிக்கும் வரை வால் நீண்டால், அங்கே நகைச்சுவைப் படம் எடுபடாது. 'டர்ர்' என்று அதிர்ந்து அடங்கினால், எதிரெதிரே இருக்கும் இரண்டு வெறுஞ்சுவர்களுக்கு நடுவே ஒலி மாறி மாறி மோதுகிறது என்று அர்த்தம்.

காரணம் நம் வீட்டின் அழகுதான். சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் பளபளக்கத் தேய்த்த சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, மேலே தேக்குப் பலகை, நடுவே தூண்கள். ஒலியை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. பேச்சில் அர்த்தத்தைத் தாங்குவது க, ச, ட, த, ப என்கிற மெய்யொலிகள். அவை குறுகியவை, சத்தமும் குறைந்தவை. முந்தைய சொல்லின் 'ஆ', 'ஓ' இன்னும் கூடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அடுத்த சொல்லின் மெய்யொலி அதற்குள் புதைந்துவிடுகிறது. அதே கூடத்தில் பக்திப் பாட்டு கம்பீரமாகக் கேட்கும், சண்டைக் காட்சியும் குறை சொல்ல முடியாமல் இருக்கும். நகைச்சுவை நடிகர் வாய்க்குள் முணுமுணுக்கிற வார்த்தை மட்டும் போய்விடும். நகைச்சுவைப் படத்தில் பாதி அந்த முணுமுணுப்புதான்.

ஒலியைக் கூட்டிப் பயனில்லை. வசனம் கூடும் அளவுக்கு எதிரொலியும் கூடும். செய்ய வேண்டியது வேறு.

இடத்தை மாற்றுவதுதான் முதல் வேலை. கூரை மூடிய முன்கூடமான முகப்பைவிட, வானம் திறந்த நடு முற்றமான வளவு நல்லது. மேலே போகும் ஒலி திரும்பி வராது. வளவுக்கு மேல் ஃபைபர் ஷீட்டோ கண்ணாடியோ போட்டு மூடியிருந்தால் இந்த லாபம் போய்விடும். மழை வந்தால் பேச்சே கேட்காது. மழைக்காலத்துக்கு வளவை மறந்துவிட்டு, ஓரத்து அறைகளில் ஒன்றுக்குப் போய்விடுங்கள். பீரோ, கட்டில், மெத்தை, மடித்து அடுக்கிய துணி என்று அடைசலாக இருக்கும் அறைதான் வசனத்துக்கு ஏற்றது.

அடுத்தது ஸ்பீக்கரைப் பக்கத்தில் கொண்டுவருவது. திரைக்குக் கீழே, சுவர் மூலையில் வைத்த ஸ்பீக்கரிலிருந்து நேராக வருகிற ஒலியைவிடச் சுவரில் பட்டு வருகிற ஒலிதான் அதிகம். கேட்பவர்களிடமிருந்து 2 மீட்டருக்குள், தரையில் உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில், அதாவது இரண்டரை மூன்று அடி முக்காலியில் வையுங்கள். ஒலி அளவைப் பாதியாகக் குறைத்தாலும் வசனம் தெளிவாக விழும். முக்காலிக் காலுக்கடியில் துணி வையுங்கள், ஆத்தங்குடிக் கல்லில் கோடு விழுந்தால் போகாது.

பிறகு துணி. ஸ்பீக்கருக்கும் ஆட்களுக்கும் நடுவே இரண்டு மடிப்பாக ஜமுக்காளம் விரியுங்கள். ஆட்களுக்குப் பின்னால் இன்னொரு கனமான ஜமுக்காளம் தொங்கட்டும். அதைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டால் பயன் குறைவு, ஒரு சாண் இடைவெளி விட்டால்தான் உறிஞ்சும். தொங்கவிடச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள். அந்தப் பூச்சு ஒரு இடத்தில் பெயர்ந்தால் பக்கத்தில் சேர்ந்து உதிரும். அதே பளபளப்போடு ஒட்டுப்போடத் தெரிந்த கொத்தனார் லேசில் கிடைப்பதில்லை. போதாததற்கு, பத்துப் புள்ளிக்கு, அதாவது பத்துப் பங்காளிக் குடும்பங்களுக்குப் பாத்தியப்பட்ட சுவரில் ஒரு ஆணி என்பது ஒரு பஞ்சாயத்து. தூணுக்குத் தூண் கயிறு கட்டுங்கள். கயிறு உரசும் இடத்தில் பழைய துண்டைச் சுற்றுங்கள்.

கடைசியில் செட்டிங். ஓடிடி தளங்களில் பல படங்கள் 5.1 ஒலியில், அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த ஒலியில் வருகின்றன. அதில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு உரியது. டிவியில் இருக்கும் இரண்டே ஸ்பீக்கருக்குள் அதை அடைக்கும்போது இசை மேலே ஏறி வசனம் கீழே போகும். ஆடியோ மெனுவில் 'ஸ்டீரியோ' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 'டயலாக்', 'கிளியர் வாய்ஸ்', 'நைட் மோட்' என்று டிவிக்கு டிவி பெயர் மாறும், அதையும் போட்டுப் பாருங்கள். பேஸைக் குறையுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒற்றைத் தட ஒலி. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன், ஏ.டி. கிருஷ்ணசாமியோடு சேர்ந்து இயக்கிய 'சபாபதி' 1941-ல் வந்தது. அந்தக் காலத்துப் படங்களுக்கு இரண்டு ஸ்பீக்கர் வேண்டாம். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைத் திரைக்கு நேராக வைத்தால் வசனம் தெளியும்.

இத்தனை செய்தும் அடங்காத கூடம் சில உண்டு. அங்கே மௌனப் பட நகைச்சுவைகளைப் போடுங்கள். வசனமே இல்லாததால் எதிரொலிக்கு வேலை இல்லை. அப்பத்தாவும் பேரப்பிள்ளையும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள்.

புளூடூத்தில் ஒரு சங்கடம்

நகைச்சுவையைக் கெடுப்பதில் எதிரொலிக்கு அடுத்த இடம் புளூடூத் ஸ்பீக்கருக்கு. ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிப்பதற்குள் பெரும்பாலும் 100 முதல் 250 மில்லி விநாடி ஓடிவிடும். சினிமா ஒரு விநாடிக்கு 24 பிரேம். 200 மில்லி விநாடி என்றால் கிட்டத்தட்ட 5 பிரேம் பிந்துகிறது. காதல் வசனத்தில் இது பெரிதாக உறுத்தாது. அறை விழுந்த பிறகு 'பளார்' வந்தால், ஒருவர் முகம் சுளித்த பிறகு அவர் எதற்குச் சுளித்தாரோ அந்த வார்த்தை வந்தால், சிரிப்பு வராது. என்ன தப்பு என்று சொல்லத் தெரியாமல் 'படம் சுமார்' என்று எழுந்து போய்விடுவார்கள்.

செல்போனில் பல செயலிகள் இந்தப் பிந்தலைத் தாங்களே ஈடுகட்டிக்கொள்ளும். டிவியில், அதிலும் செட்டாப் பாக்ஸ் வழியாக வரும்போது, இது தவறிப்போவது அதிகம். ஒயர் போடுங்கள்: ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி, ஆப்டிகல், இல்லையென்றால் சாதாரண ஆக்ஸ். கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் பார்ப்பவர்களுக்கு இன்னும் சுலபம். 'ஜே' விசையை ஒரு தடவை தட்டினால் ஒலி 50 மில்லி விநாடி முந்தும், 'கே' தட்டினால் 50 பிந்தும். கைதட்டும் காட்சியோ கதவு சாத்தும் காட்சியோ வரும் இடத்தில் நிறுத்தி, மூன்று நான்கு தட்டு தட்டிச் சரிபாருங்கள்.

வேற்று மொழிப் படங்களில் சப்டைட்டிலும் இதே வேலையைச் செய்யும். நடிகர் வாயைத் திறக்கும் முன்பே கடைசி வார்த்தையை நாம் படித்து முடித்திருப்போம். விஎல்சியில் 'ஹெச்' தட்டினால் சப்டைட்டில் 50 மில்லி விநாடி பிந்தும், 'ஜி' தட்டினால் முந்தும். நகைச்சுவைக்குக் கொஞ்சம் பிந்துவது தாழ்வில்லை.

திரை

ஒலி அளவுக்கு இதற்கு மெனக்கெட வேண்டாம். புரொஜெக்டர் வைத்திருந்தால் எட்டு முழ வேட்டி ஒன்றே திரைக்குப் போதும். இரண்டாக மடித்தால் சுமார் 1.8 மீட்டர் அகலம், 1.27 மீட்டர் உயரம் கிடைக்கும். 80 அங்குலப் படம் 1.77 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். மேலும் கீழும் கரை படத்துக்கு வெளியே நிற்கும். மடிக்காமல் ஒற்றையாகக் கட்டினால் வெளிச்சத்தில் பாதி பின்னால் ஊடுருவிப் படம் மங்கும். கீழ்க்கரையில் ஒரு மூங்கிலைச் செருகுங்கள், காற்றில் படம் நெளியாது.

புரொஜெக்டரின் 'த்ரோ' எண் (திரைத் தூரம் படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) 1.2 என்று இருந்தால் திரையிலிருந்து 2.1 மீட்டர், 1.5 என்றால் 2.65 மீட்டர் தூரத்தில் வைக்க வேண்டும். நேர் எதிரே வையுங்கள். சாய்த்து வைத்துவிட்டுக் 'கீஸ்டோன்' போட்டுச் சரிசெய்தால் படம் கூர்மை இழக்கும். வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான 'லூமன்ஸ்' எண்ணை நம்பாமல் முறைப்படி அளந்த வெளிச்சமான 'ஆன்சி லூமன்' எவ்வளவு என்று கேளுங்கள். இருட்டில் 80 அங்குலத்துக்கு 300 முதல் 500 இருந்தால் போதும். திறந்த வளவில் ஏழு மணிக்கு முன் போட்டால் வெளிறிப் போகும்.

டிவி என்றால் இரண்டே சரிபார்ப்பு. அசைவை வழவழப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' வகைச் செட்டிங்கை அணைத்துவிடுங்கள், அது சினிமாவைச் சீரியல் ஆக்கிவிடும். பழைய படங்களை அவற்றின் 4:3 அகல உயர விகிதத்திலேயே விடுங்கள். இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று இழுத்து நிரப்பினால் எல்லா நடிகர்களும் ஊதிப்போவார்கள். அது வேறு வகைச் சிரிப்பு.

எதை முழுசாக, எதைத் துண்டாக

தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டரை மணி நேரப் படத்தை எப்படிப் பிரிப்பது? படத்தின் அமைப்பைப் பொறுத்தது. கதை ஒரு பக்கமும் நகைச்சுவை டிராக் ஒரு பக்கமுமாக ஓடுகிற படங்களில், டிராக்கை மட்டும் துண்டு துண்டாகப் பார்த்தாலும் ஒன்றும் குறையாது. ஒரு துண்டு ஐந்திலிருந்து பத்து நிமிடம், சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு துண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆள்மாறாட்டப் படங்களுக்கு இது ஆகாது. யார் யாரிடம் என்ன பொய் சொன்னார்கள் என்பதுதான் அங்கே முதலீடு. கடைசி அரை மணியில் அது வட்டியோடு திரும்புகிறது. இவற்றை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு ஒரே அமர்வில் பாருங்கள். பிரித்தே ஆகவேண்டுமானால் இடைவேளையில் பிரியுங்கள், நடுக்காட்சியில் நிறுத்தாதீர்கள்.

இணையத்தில் கிடைக்கும் 'காமெடி கலெக்‌ஷன்' துண்டுகளில் வெட்டுகிறவர் பெரும்பாலும் சிரிப்பு வரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பிக்கிறார். அதற்கு விதை போட்ட காட்சி பத்து நிமிடம் முன்னாலேயே போயிருக்கும். ஏற்கனவே படம் பார்த்தவருக்கு அது போதும், புதிதாகப் பார்க்கிறவருக்கு நடிகரின் முகபாவம்தான் மிஞ்சும்.

தனியாகப் பார்ப்பதைவிட ஐந்தாறு பேரோடு பார்த்தால் சிரிப்பு கூடும். ஆனால் மேடான பட்டாலையில் ஒருவர், தூணோரம் ஒருவர், ஊஞ்சலில் ஒருவர் என்று சிதறி உட்கார்ந்தால் கூடாது. ஒரே ஜமுக்காளத்தில் நெருக்கி உட்காருங்கள். கொறிப்பதற்குத் தேன்குழலும் சீப்புச் சீடையும் கொண்டுவந்தால், மெல்லும் சத்தமே அடுத்த வசனத்தை முழுங்கும். படத்துக்கு வெள்ளைப் பணியாரம், பால் பணியாரம் போல மெத்தென்று உள்ளவை நல்லவை. மாவுருண்டையும் வேண்டாம், சிரிக்கும்போது வாயில் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

சிரித்த பிறகு நோட்டு

எழுதுகிறவர்கள் செய்யும் தவறு, முதல் தடவையே பேனாவோடு உட்காருவது. குறிப்பெடுக்கிறவர் சிரிக்க மாட்டார். சிரிக்காதவருக்கு எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று தெரியாது. முதல் தடவை கையை வீசிக்கொண்டு பாருங்கள். மறுநாள், முந்தின இரவு கூட்டமே குலுங்கிய ஒரே ஒரு காட்சியை மட்டும் எடுங்கள். இரண்டு நிமிடக் காட்சி போதும். அதை மூன்று முறை பாருங்கள்: ஒரு முறை ஒலியை அணைத்துவிட்டு, ஒரு முறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும், கடைசியாக செல்போன் ஸ்டாப்வாட்சோடு.

ஒலி இல்லாமல் பார்க்கும்போது யார் முகத்தில் காட்சி முடிகிறது என்று கவனியுங்கள். கவுண்டர், அதாவது பதிலடி வசனம் அடித்தவர் முகத்தைவிட, வாங்கிக்கொண்டவர் முகத்திலோ பக்கத்தில் சும்மா நின்றவர் முகத்திலோ முடிவதைத்தான் அதிகம் காண்பீர்கள். காதால் மட்டும் கேட்கும்போது, அந்தப் பதிலடிக்கு வழிவிட்டு லீட் கொடுப்பவர் எவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறார் என்பது தெரியும். ஸ்டாப்வாட்சில் அளக்க வேண்டியது லீட் முடிந்து கவுண்டர் தொடங்கும் இடைவெளி. சில நடிகர்கள் இடைவெளியே விடுவதில்லை, சிலர் ஒரு முழு விநாடி விடுவார்கள். இரண்டும் வேலை செய்யும், ஆனால் ஒரே காட்சிக்குள் அந்த அளவு அவ்வளவாக மாறுவதில்லை.

எழுத்தில் அந்த இடைவெளியை எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு ஒரு சின்ன மாதிரி. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் மாமா வீட்டை அண்ணாந்து பார்க்கிறார்.

"தூணெல்லாம் பர்மாத் தேக்குங்களா?"

"ஆமாங்க. மொத்தம் 44."

"வீடும் மூணு கட்டு... இதுல உங்க பங்கு?"

"அஞ்சாவது தூண்."

இதில் சிரிப்பு வருகிறதென்றால் காரணம் கடைசிச் சொல்லின் இடம். 'அஞ்சாவது தூண்தான் எங்க பங்குக்கு வந்திருக்கு' என்று இலக்கணமாக முடித்தால் விஷயம் முதல் இரண்டு சொல்லிலேயே உடைந்துவிடும். மீதி மூன்று சொல்லையும் வாசகர் சிரித்தபடியே தாண்டவேண்டும். தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. வினையை வெட்டிவிட்டு, அடிக்கிற சொல்லைக் கடைசியில் நிறுத்துவதுதான் வழி. இரண்டாவது, 'தூண்' என்ற சொல் முதல் வரியிலேயே பெருமையாக நுழைந்துவிடுகிறது. அது அங்கே இல்லாமல் கடைசியில் திடீரென்று வந்தால் வாசகர் 'எந்தத் தூண்?' என்று யோசிப்பார். யோசித்தால் சிரிக்க மாட்டார். மூன்றாவது, அந்த மூன்று புள்ளி. 'சற்று நேரம் மௌனமாக இருந்தார்' என்று எழுதுவதைவிட, கேட்பவர் மனசுக்குள் கணக்குப் போடுவதை அது காட்டுகிறது. ஒரு பக்கத்தில் ஒரு தடவைக்கு மேல் போட்டால் அதுவும் செத்துவிடும். பதிலுக்குப் பிறகு 'எல்லோரும் சிரித்தார்கள்' என்று எழுத வேண்டாம். எழுத ஆசை வந்தால் பக்கத்தில் நின்ற ஒருவரின் முகத்தைக் காட்டுங்கள்.

வாரத்துக்கு இப்படி ஒரு காட்சி போதும். தினமும் அறுத்துப் பார்த்தால் படம் பார்க்கும் ருசியே போய்விடும்.

புதுப் புத்தகம்: கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்

சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில். புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. புத்தகக் காட்சிகளில் வழக்கமாகக் கிடைப்பது பத்து சதவீதத் தள்ளுபடி. தள்ளுபடியைவிட முக்கியம் கையில் எடுத்துப் புரட்ட முடிவது.

ஆஃப்செட்டில் அச்சிட்ட புத்தகம் பாரம் பாரமாக, அதாவது மடித்த பெரிய தாள்களாக அடுக்கப்படுகிறது. ஒரு பாரம் பெரும்பாலும் 16 பக்கம். பைண்டிங்கில் ஒரு பாரம் விடுபட்டால் 96-ஆம் பக்கத்துக்குப் பிறகு 113 வரும். ஒன்றே இரண்டு தடவை சேர்ந்துவிட்டால் 96-க்குப் பிறகு மறுபடி 81 வரும். ஆகவே ஒவ்வொரு பக்கமாகப் பார்க்க வேண்டியதில்லை. 16, 32, 48, 64, 80, 96, 112 என்று பாரம் முடியும் இடங்களில் அடுத்த எண் சரியாக வருகிறதா என்று பார்த்தால் 300 பக்க நாவலைச் சரிபார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. ஒரு பக்கம் அச்சே இல்லாமல் வெள்ளையாக இருக்கலாம், அதற்கு விரலால் விசிறிப் பார்த்தால் போதும். பழுது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால், தவறிய இரண்டு பக்கத்தையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் செல்போனில் படமெடுத்துப் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். நல்ல பதிப்பகங்கள் மாற்றித் தரும்.

அடுத்து முதுகைப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் மடித்த தாள்கள் கொத்துக் கொத்தாகத் தெரிந்து நடுவில் நூல் ஓடினால் அது தையல் பைண்டிங். பல வருடம் தாங்கும். தாள்கள் ஒரே கட்டையாகப் பசையில் நின்றால் பெர்ஃபெக்ட் பைண்டிங். இப்போது வரும் தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை இதுதான். இதற்குக் கொஞ்சம் பக்குவம் வேண்டும்.

முதல் தடவை திறப்பது

புத்தகத்தின் முதுகை மேசையில் வைத்து நிமிர்த்திப் பிடியுங்கள். முன்னட்டையை ஒரு பக்கமும் பின்னட்டையை மறு பக்கமும் மேசையோடு படிய விடுங்கள். இப்போது முன்பக்கத்திலிருந்து பத்துப் பதினைந்து தாளை எடுத்துச் சாய்த்து, முதுகோரம் விரலால் மெதுவாக நீவுங்கள். பிறகு பின்பக்கத்திலிருந்து அதே அளவு. மறுபடி முன், மறுபடி பின் என்று நடுவுக்கு வாருங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் நடுப்பக்கத்தை விரித்து 'டக்' என்று அமுக்கினால் பசை அந்த இடத்தில் கீறிவிடும். அதற்குப் பிறகு புத்தகம் எப்போது எடுத்தாலும் அங்கேதான் விரியும், கடைசியில் தாள் கழன்று கையோடு வரும்.

சித்திரை வைகாசியில் வாங்கிய புத்தகத்தை வெயிலில் நிற்கும் காரில் கண்ணாடிக்கடியில் வைக்காதீர்கள். முதுகுப் பசை சூட்டில் இளகும் வகை. இளகி மறுபடி இறுகும்போது தாள்கள் கோணலாக நிற்கும்.

ஒரு தாள் கழன்றால் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். அந்தப் பசை சில வருடத்தில் பழுப்பேறிக் கசிந்து பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பசையைத் தீக்குச்சி முனையில் தொட்டு, கழன்ற தாளின் உள்விளிம்பில் 2 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தடவி உள்ளே தள்ளுங்கள். இரண்டு பக்கமும் பட்டர் பேப்பர் வைத்து, மேலே கனம் ஏற்றி ஒரு இரவு விடுங்கள்.

படிக்கும் இடம், படிக்கும் முறை

காலையில் முகப்பில், வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி உட்காருங்கள். வளவைப் பார்த்து உட்கார்ந்தால் முற்றத்து வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்துத் தாள் இருட்டாகத் தெரியும். திண்ணை சுகம்தான், ஆனால் போவோர் வருவோரெல்லாம் "என்ன படிக்கிறீய?" என்று விசாரிப்பார்கள், பதில் சொல்ல விருப்பமுள்ளவர்கள் அங்கே படிக்கலாம்.

தமிழ்ப் புத்தகத்தில் கதைக்கு முன்னால் வாழ்த்துரை, அணிந்துரை, முன்னுரை, என்னுரை, நன்றியுரை என்று வாசல் வாசலாகத் தாண்டவேண்டும். அணிந்துரைக்காரர்கள் முடிவைச் சொல்லிவிடும் பழக்கம் உள்ளவர்கள். நாவலாக இருந்தால் நேரே முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள், மற்றவற்றைக் கடைசியில் படிக்கலாம். 40 பக்கம் வரை பிடிக்காவிட்டால் மூடி வைப்பதில் பாவம் இல்லை. பிடித்துவிட்டால் ஒரு நாளைக்கு 30 பக்கம் போதும். அந்தக் கணக்கில் 240 பக்க நாவல் எட்டு நாளில் முடியும், எழுத்து வேலையும் கெடாது.

கோடு போடுபவர்கள் பேனாவைத் தவிர்த்து 2பி பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு அடியில் இழுக்காமல் ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு மட்டும். கடைசி வெள்ளைத் தாளில் பக்க எண்ணும் இரண்டு சொல்லும், உதாரணமாக '87, சாவி தேடும் இடம்', எழுதினால் பிறகு தேடியெடுக்க வசதி. படிக்கும்போது எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. எண்ணெய்ப் புள்ளி தாளில் பட்டால் எடுக்கவே முடியாது.

ஐப்பசியிலிருந்து தை வரை

கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த பெரும் புத்தகத் தொகுப்பு, அவர் மறைவுக்குப் பிறகு சென்னைக்குப் போய், 1994-ல் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமானது. எல்லா வீட்டுப் புத்தகத்துக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது. நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அலமாரி சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளியும், கீழ்த்தட்டு தரையிலிருந்து 6 அங்குலம் மேலேயும் இருக்கட்டும். கரையான் மண்குழாய் கட்டித்தான் ஏறும், இடைவெளி இருந்தால் கண்ணில் படும். வயிரம் பாய்ந்த தேக்கை அது அவ்வளவாகத் தொடாது. ஆனால் அலமாரியின் பின்பலகைக்கு மலிவுப் பிளைவுட் அடித்திருந்தால் அது வழியாக உள்ளே வந்துவிடும். மழை மாதங்களில் வாரம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். புத்தகங்களை நெருக்கித் திணிக்காதீர்கள், ஒரு விரல் நுழையும் தளர்வு வேண்டும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். சில நூறு ரூபாய்க்கு ஈரமானி கிடைக்கிறது, ஒன்று வாங்கித் தட்டில் வையுங்கள். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து வைக்கும் பழக்கம் இருக்கட்டும், மாதம் ஒரு தடவை மாற்றுங்கள். பச்சை வேப்பிலை வைத்தால் அதுவே ஈரத்தைக் கொண்டுவரும். அந்துருண்டை வேண்டாம், அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கு அந்த ஆவி நல்லதில்லை.

பூஞ்சை வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். மூக்கை மூடிக்கொண்டு, நிழலில் காற்றாட உலர்த்தி, காய்ந்த பிறகு வெளியே கொண்டுபோய் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். நேர்வெயிலில் போட்டால் அட்டை வளைந்து நிறம் வெளிறும்.

துளைகளும் பொடியும் தெரிந்தால் ராமபாணப்பூச்சி. அந்தப் புத்தகத்தைப் பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை ஒட்டி, டீப் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் பைக்கு வெளியே படிய வேண்டிய ஈரம் தாளில் படிந்துவிடும். பையின் மேல் 'புத்தகம்' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் வஞ்சிரம் என்று நினைத்து யாராவது எடுத்துத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள்.